கல்லறைத் திருநாளில் பிறந்த பிள்ளை

அமலோற்பவம் குஞ்சம் கட்டிய புடவையில் யாராவது குறை சொன்னால் நான் புடவையைப் பார்க்க மாட்டேன், சொன்னவர் முகத்தைத்தான் பார்ப்பேன். ஆரணியில் பட்டுப்புடவை விற்கிற என் போன்றவர்களுக்குத் தறியிலிருந்து புடவை இறங்கியதோடு வேலை முடிவதில்லை. முந்தானை ஓரத்தில் தொங்குகிற நூல்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக் குஞ்சம் கட்டினால்தான் கல்யாண வீட்டார் கையில் எடுப்பார்கள். என் கடைக்கு அந்த வேலையைப் பல வருடமாகச் செய்து தருகிறவள் அமலு. ஜன்னல் கம்பியில் முந்தானையைக் கட்டிவிட்டு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். பேசிக்கொண்டே கட்டுவாள், டிவி பார்த்துக்கொண்டே கட்டுவாள், புருஷன் சாலமோன் இறந்த மாதத்தில் அழுதுகொண்டேகூடக் கட்டினாள். முடிச்சுகள் மட்டும் எப்போதும் ஒரே அளவில் இருக்கும்.

என் பெயர் திலகவதி. எங்கள் வீட்டு முன்னறையே கடை. எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும், நானும் மறுப்பதில்லை. அமலு நேர் எதிர். பத்து வார்த்தை நான் பேசினால் ஒரு வார்த்தை அவள் பேசுவாள், அந்த ஒரு வார்த்தையில் என் பத்தும் அடிபட்டுப் போகும். நாங்கள் தறிக்காரக் குடும்பம், அவர்கள் மாதா கோயில்காரர்கள். பொங்கலுக்கு என் வீட்டுப் பானையும் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு முறுக்கும் தெருவைக் கடந்து போய் வந்துகொண்டே இருக்கும்.

அவளுக்கு ஒரே பிள்ளை, பிரின்ஸ். நவம்பர் இரண்டாம் தேதி பிறந்தவன். அவர்களுக்கு அது கல்லறைத் திருநாள். செத்துப்போன உறவினர்களின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் செய்கிற நாள். அந்த வருடம் நிறைமாத வயிற்றோடு மாமியார் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்தவளுக்கு அங்கேயே வலி எடுத்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தான்.

சொந்தக்காரர்களுக்குச் சும்மா இருக்க முடியுமா? செத்தவர்கள் நாளில், அதுவும் கல்லறையில் வலி எடுத்துப் பிறந்த பிள்ளை, ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்று ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். அமலு வீட்டுக்குள் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

நவம்பர் இரண்டு பகல் முழுக்க செத்தவர்களுடையது. காலையில் யாரும் பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லக் கூடாது. அவனைக் கல்லறைப் பக்கம் அழைத்துப் போகக் கூடாது. மாலையில் அவளும் சாலமோனும் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்த பிறகு வீடு திரும்பி, பின்கட்டுக் குழாயில் கால் கழுவ வேண்டும். கால் கழுவிய நிமிஷத்திலிருந்து அது பிரின்ஸின் நாள். கேக் உண்டு, பாயசம் உண்டு, பிரியாணி உண்டு. கேக்கில் மெழுகுவர்த்தி மட்டும் கிடையாது. அன்றைக்கு மெழுகுவர்த்தி கல்லறைக்கு ஆனது, பிள்ளை பெயரும் மெழுகுவர்த்தியும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பாள்.

சின்னப் பிள்ளையில் அந்த மாலைகளில் அவனை என் வீட்டில்தான் விட்டுவிட்டுப் போவார்கள். வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பான். அமலுவின் தலை தெருமுனையில் தெரிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவான். "கால் கழுவிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஓடுவான். பள்ளிக்கூடம் போனான், காலேஜ் போனான், மீசை வந்தது. அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

எங்கள் வழக்கம் வேறு. எங்கள் வீடுகளில் பிறந்தநாளுக்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அகல் விளக்கு ஏற்றுவோம். பேரப்பிள்ளைகள் கேக் வெட்டினாலும் நான் ஊதி அணைக்க விடுவதில்லை. பெயர் சொல்லி ஏற்றிய விளக்கு எண்ணெய் தீர்ந்துதான் குளிர வேண்டும். நடுவில் அணைந்தால் என் அம்மா அன்றைக்கு வீட்டில் யாரையும் வாசல்படி தாண்ட விடமாட்டாள். என் தம்பியின் பெயரில் ஏற்றியது ஒரு முறை அப்படி அணைந்தது, அவன் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை பேசுவதில்லை. அமலுவிடமும் நான் சொன்னதில்லை.

சாலமோன் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். பிரின்ஸ் காலேஜ் கடைசி வருடம் படிக்கும்போது நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஊரில் கால் தரிக்கவில்லை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏற, இவனும் போலந்து நாட்டில் மேல்படிப்பு என்று கிளம்பினான். லூப்ளின் என்று ஒரு ஊர். அதே ஊருக்கு முள்ளிப்பட்டிலிருந்து குமரேசன் என்றொரு பையனும் போனான். தறிக்கார வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே அறை எடுத்துத் தங்கினார்கள்.

போன இடத்தில் பிரின்ஸுக்கு இன்னொரு பிறந்தநாள் வந்து சேர்ந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது போதாது என்று ஹெட்மாஸ்டர் ஜூன் ஐந்து என்று எழுதிவிட்டிருந்தார். பாஸ்போர்ட்டிலும் அதுதான். அங்கே அறைப் பிள்ளைகள் ஜூன் ஐந்தாம் தேதி கேக் வாங்கி வந்து முகத்தில் பூச, இவன் ஒன்றும் சொல்ல முடியாமல் பூசிக்கொண்டு வீடியோவில் வந்தான். "கவர்மெண்ட் பர்த்டேம்மா இது. நம்மளது நவம்பர்ல" என்றான். அமலு முந்தானையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

போன நவம்பர் இரண்டாம் தேதி அவன் வீடியோவில் வந்தபோது நானும் அவள் வீட்டில் இருந்தேன். அவன் பின்னால் எங்கே பார்த்தாலும் விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூடி போட்ட கண்ணாடிக் குடுவைகளில் எரிந்துகொண்டிருந்தன.

"ம்மா, ஊரே என் பர்த்டேவுக்கு லைட் போட்டுகினு இருக்குது பாரு."

"டேய், இன்னாடா அது?"

"கல்லறைதான். இங்கயும் இன்னிக்கு அதேதாம்மா. ஊர் சனம் மொத்தமும் இங்கதான் இருக்குது. நீ கால் கழுவிட்டியா?"

"நான் கழுவிட்டேன். உன்ன யார்றா அங்க போவச் சொன்னது?"

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். பாசி பிடித்த ஒரு பழைய கல்லறை. சுற்றி எல்லாவற்றிலும் விளக்கு இருக்க, அதற்கு மட்டும் யாரும் வரவில்லையாம். பாவமாக இருந்ததென்று இவனே ஒரு பச்சை விளக்கு வாங்கி ஏற்றியிருக்கிறான். போனைப் பிடித்துக்கொண்டிருந்த குமரேசன் இடையில் முகத்தை நீட்டி, "குளுருது, ரூமுக்குப் போலாம்னு நான் சொன்னேன் ஆன்ட்டி, கேக்கல" என்றான். அமலு இரண்டு பேரையும் ரூமுக்குப் போய்க் கால் கழுவச் சொல்லிவிட்டுத்தான் வாழ்த்துச் சொன்னாள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பொறந்த நாளுமா யாரோ ஒருத்தர் கல்லறைகிட்ட போய் நின்னுகினு இருக்கானேக்கா" என்றாள்.

"புண்ணியம்தானே பண்ணான். இதுக்குப் போய் பேஜாரு படுவியா?" என்று நான் அவளை அடக்கினேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பது என் வழக்கம்.

இந்த வருடம் ஜூன் பிறந்தநாளுக்கு வீடியோவில் வந்தான். இளைத்திருந்தான். அவன் முகத்தை அவள் முழுதாகப் பார்த்தது அதுதான் கடைசி. ஆகஸ்டிலிருந்து வெறும் மெசேஜ் மட்டும் வந்தது. கேமரா உடைந்துவிட்டது என்று ஒரு நாள். கிளாஸில் இருக்கிறேன் என்று ஒரு நாள். இவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை, அப்புறம் ஒரு மெசேஜ் வரும். காலையில் மட்டும் தவறாமல் 'குட் மார்னிங்மா, சாப்டியா' என்று வந்துவிடும்.

"அவன் சாப்டியான்னு கேக்கமாட்டான்க்கா" என்றாள் ஒரு நாள். "இன்னா கொழம்புன்னுதான் கேப்பான்."

"வளந்த பையன். பொண்ணு கிண்ணு பாத்துகினு இருப்பான். நாலு மாசம் கழிச்சு அவனே வந்து சொல்லுவான், நீ அப்ப அழுவறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கோ."

அவள் சிரிக்கவில்லை. அந்த வாரமே பஸ் ஏறி முள்ளிப்பட்டுக்குப் போய் குமரேசனின் அம்மா கற்பகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் நல்லாத்தான் இருக்கிறார்களாம், தன் பிள்ளை தினமும் பேசுகிறானாம் என்று கற்பகம் சொல்லி அனுப்பியிருந்தாள். அமலு அதைக் கேட்டுக்கொண்டு வந்தாளே தவிர நம்பி வரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அந்த மாதம் அவள் கட்டிய இரண்டு புடவைகளில் முடிச்சு ஏறி இறங்கி இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துவிட்டு, வேறொரு பெண்ணிடம் கொடுத்துப் பிரித்துக் கட்டச் சொன்னேன்.

நவம்பர் இரண்டு வந்தது. காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பேக்கரியிலிருந்து கேக் வந்து மேஜைமேல் இருந்தது, வெள்ளைக் கிரீமில் நீல எழுத்தில் பிரின்ஸ் என்று எழுதி. அன்றைக்குக் காலையில் மட்டும் அந்த 'குட் மார்னிங்' வரவில்லை.

"அக்கா, இந்த வாட்டி நீ கூட வா" என்றாள்.

எங்கள் பெண்கள் அந்தப் பக்கம் போகிற வழக்கமில்லை. இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதும் இல்லை. நான் ஏன் என்று கேட்காமல் செருப்பை மாட்டினேன்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். குடைகளும் சாமந்தி வாசனையும் ஈர மண்ணும். சாலமோன் கல்லறைக்கு அவள் முந்தின நாளே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, அதற்குள் மெழுகுவர்த்தியை நிறுத்தினாள். காற்றுக்கு அது அணைந்தது. எனக்குத் திக்கென்றது. அவள் சாதாரணமாக இன்னொரு தீக்குச்சி கிழித்தாள்.

"காத்துக்கு அணையறதுதானேக்கா. ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிகினு இருக்க?"

நான் பேச்சை மாற்றினேன்.

சாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் வரிசைக்கு வருவதற்குள் அமலுவின் போனில் மணி அடித்தது. பிரின்ஸ் நம்பரிலிருந்து ஒரு படம். அவள் திறந்து பார்த்தாள், தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன்.

அதே பாசி பிடித்த கல்லறை. அதன்மேல் ஒரு சிவப்புக் கண்ணாடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே இன்னும் பகல்தான், ஆனால் மூட்டம் போட்ட பகல். கண்ணாடியின்மேல் கறுப்புப் பேனாவால் தமிழில் எழுதியிருந்தது, உள்ளே எரிகிற சுடரில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பிரின்ஸ். கீழே, 'இந்த வருஷமும் விளக்கு ஏத்திட்டேன்மா. எனக்கு இன்னிக்கு பர்த்டே' என்று மெசேஜ்.

அமலு போனைக் கவிழ்த்துக் கல்லறைமேல் வைத்தாள். கண்ணை மூடிக் கைகூப்பினாள். சாமியார் தெளித்த தீர்த்தம் அவள் நெற்றியில் விழுந்து வழிந்தது, துடைக்கவில்லை. ஜெபம் முழுவதையும் வரி விடாமல் சொல்லி முடித்தாள். வழியில் ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். குதிகால், விரலிடுக்கு எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். என்னையும் கழுவ வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேக்குக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இது என் பிள்ள இல்லக்கா" என்றாள்.

"இன்னா சொல்ற?"

"அவன் பேர அவனே மெழுவத்தில எழுதி கல்லறையில வெப்பானா? கால் கழுவறதுக்கு முன்னாடி பர்த்டேன்னு வாயத் தொறப்பானா? வேற யாரோ அவன் போன வெச்சுகினு என்னாண்ட பேசிகினு இருக்காங்க."

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லறை எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், ஒருத்தன் விளக்கு ஏற்றினான், இன்னொருத்தன் போனைப் பிடித்தான் என்றாள். பிரின்ஸ் நம்பருக்குக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. போனை வாயருகே வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினாள்.

"குமரேசா, அம்மா பேசறேன். நான் கால் கழுவிட்டேன். இனிமே எது சொல்றதுன்னாலும் சொல்லு. போன எடு."

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அந்தப் பக்கம் பையன் அழுதுகொண்டிருந்தான். அமலு ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"ஆன்ட்டி, அவன் ஆகஸ்ட்லயே கெளம்பிட்டான். பேப்பர் நெறைய போச்சு. யுனிவர்சிடில பேர எடுத்துட்டாங்க. பேர எடுத்தா அப்புறம் இங்க இருக்க முடியாது. உங்களாண்ட சொல்ல அவனுக்கு வாய் வரல. போர்ச்சுகல்ல தோட்ட வேல இருக்குது, அங்க போனா தங்கறதுக்கு வழி பண்ணிக்கலாம்னு ஒரு ஏஜெண்டு சொன்னான். போன் எடுத்துகினு வரக்கூடாதுன்னு சொல்லிட்டான் அந்த ஆளு. இத என்னாண்ட குடுத்துட்டு, அம்மா பயந்துக்கும், டெய்லி நீயே எதுனா போட்டுகினு இருன்னான்."

"அப்பால பேசினானா?"

"ஞாயித்துக்கெழமைல யார் போன்லனா பேசுவான். அக்டோபர் மொத வாரம் பேசினதுதான் கடைசி. வேன்ல ஏத்தி எங்கயோ மாத்திகினு போறாங்க, எந்த நாடுன்னே தெரியலடான்னான். பாஸ்போர்ட்ட அந்த ஆளு வாங்கி வெச்சுகினானாம். பேசிகினு இருக்கும்போதே கட் ஆயிடுச்சு. அதுக்கப்பறம் வரல ஆன்ட்டி."

என் வாய் அப்போதுதான் திறந்தது. ஒரு மாசமாக என்னடா பண்ணிக்கொண்டிருந்தாய், போலீஸுக்குப் போனாயா, நம்ம நாட்டுத் தூதரகம் என்று ஒன்று அங்கே இருக்கிறதா இல்லையா, பெத்தவளை ஏமாற்றுவதற்கா அவன் போனைக் கொடுத்துவிட்டுப் போனான் என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். தன்னையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம், இன்றைக்கு வந்துவிடுவான் நாளைக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன் என்று விக்கினான். நாளைக் காலையில் முதல் வேலையாக அங்கே போலீஸுக்கும் தூதரகத்துக்கும் அவன் போவதென்றும், இங்கே நாங்கள் ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போவதென்றும் முடிவானது. என் மருமகனுக்கு போன் செய்து வண்டியை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் வரச் சொன்னேன்.

இவ்வளவு நேரமும் அமலு அழவில்லை. விரல்கள் மட்டும் மேஜை விரிப்பின் ஓர நூலை முறுக்கிக்கொண்டிருந்தன.

"அந்த வெளக்கு எதுக்குடா ஏத்துன?" என்று கேட்டாள்.

"அவன் இல்லாத பர்த்டே ஆன்ட்டி. எங்க வூட்ல பொறந்த நாளைக்கு பேர் சொல்லி வெளக்கு ஏத்துவாங்க. போன வருஷம் அவன் அங்க ஏத்தினான் இல்ல, உங்க வழக்கம் அதுதான் போலன்னு நெனச்சேன். அவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னுதான் பேர் எழுதி ஏத்தினேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பையன் எதை நினைத்து ஏற்றினான் என்று எனக்குத் தெரியும். அவன் அம்மா என்ன சொல்லி வளர்த்திருப்பாள் என்பதும் தெரியும்.

"நீ நல்லதுக்குத்தான் பண்ண. உன்னக் கோச்சுக்கல" என்றாள் அமலு. "ஆனா எங்களுக்கு அது செத்தவங்களுக்கு ஏத்தறதுப்பா. என் பிள்ள பேருல கல்லறைமேல எரியக் கூடாது. நீ ஜல்தியா போயி அத அணைச்சிடு. அணைச்சிட்டு பேர அழி."

"ஆன்ட்டி, பேர் சொல்லி ஏத்துனத அணைக்கறதா?" என்று மெல்லக் கேட்டான்.

"அணைக்கணும். நீ அணைக்கறத நான் கண்ணால பாக்கணும். வீடியோல வா."

அவள் கையைப் பிடித்தேன். "அமலு, இருந்துட்டுப் போகட்டுமே. வேணா அந்தப் பேர மட்டும் அழிக்கச் சொல்லு."

"இல்லக்கா." அவ்வளவுதான் சொன்னாள்.

பஸ் பிடித்து அவன் அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் நாங்கள் அந்தக் கேக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழை ஈரத்துக்கு நீல எழுத்து இளகிக் கிரீமில் இறங்கத் தொடங்கியிருந்தது. அணைக்கும்போது அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டுமா, எழுந்து போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பியின் நினைவு வந்து வந்து போனது. எனக்குப் பயமாக இருந்தது, அதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

வீடியோ வந்தபோது அங்கே இருட்டியிருந்தது. போன வருடம் பார்த்த அதே விளக்குகள், கண்ணுக்கு எட்டின மட்டும் எரிந்துகொண்டிருந்தன. கறுப்பு கோட்டு போட்டவர்கள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். குமரேசன் மூச்சு வாங்கிக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடினான். படம் ஆடியது. ஒரு மரத்தைத் தாண்டித் திரும்பினான், அங்கேயே நின்றுவிட்டான்.

"இன்னாப்பா?" என்றாள் அமலு.

"ஆன்ட்டி, இது ஏற்கெனவே அணைஞ்சு போச்சு."

போனைக் கிட்டே கொண்டு போனான். பக்கத்துக் கல்லறையில் நான்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்கடுத்ததிலும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் இவன் வைத்த சிவப்புக் குடுவை இருட்டாக நின்றது. மூடி போட்டபடியே இருந்தது. மெழுகு பாதிகூடக் கரையவில்லை.

"ரெண்டு நாள் எரியும்னு சொல்லித்தான் குடுத்தாங்க" என்றான். "காத்துகூட அடிக்கல ஆன்ட்டி."

"நல்லாப் பாரு. அணைஞ்சே போச்சா?"

"ஆமா."

அமலு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சாயங்காலத்திலிருந்து வராத அழுகை அப்போது வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியாக்கா. சேசுவே, ஸ்தோத்திரம். நம்ம அணைக்கறதுக்கு முன்னாடி அதுவா அணைஞ்சிடுச்சு. அவன் பேருல எரிய மாட்டேன்னுடுச்சு. என் பிள்ள எங்கியோ நல்லா இருக்கான்க்கா. உசுரோட இருக்கான்."

திரையில் குமரேசனின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால் என்னைத் தேடின. அவன் முள்ளிப்பட்டுத் தறிக்கார வீட்டுப் பிள்ளை. எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். வாயை மூடிக்கொண்டான்.

"பேர அழிச்சிடுப்பா" என்றாள் அமலு.

அவன் கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலால் தேய்த்தான். மறுபடி மறுபடி தேய்த்தான். அந்தப் பேனாவின் மை போகவில்லை. ரூமுக்குக் கொண்டுபோய்க் கழுவிவிடுகிறேன் என்று சொல்லிக் குடுவையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். அந்தப் பழைய கல்லறையில் ஒன்றும் இல்லாமல் ஆயிற்று. பிரின்ஸ் போனைச் சார்ஜ் தீர விடாதே, அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது என்று அமலு இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக் கத்தியை எடுத்தாள். பிரின்ஸ் என்ற எழுத்தில் படாமல் ஓரமாகக் கேக்கை வெட்டி, முதல் துண்டை என் வாயருகே கொண்டுவந்தாள். நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

"கால் கழுவியாச்சு, இனிமே அவன் நாளுதானேக்கா" என்றாள். "உன் வாயால அவனுக்கு வாழ்த்து சொல்லு."

நான் சொன்னேன்.